அளவெடுக்காத கட்டை

என் பட்டறைக்கு வந்து பிளாஸ்டிக் கட்டை வேண்டும் என்று கேட்டவர்கள் இதுவரை மூன்றே பேர். முதல் ஆளிடம் தொண்டைத் தண்ணீர் வற்ற அரை மணி நேரம் பேசி மனதை மாற்றினேன். இரண்டாவது ஆளை வேறு இடம் பார்க்கச் சொல்லிக் கதவைக் காட்டினேன். மூன்றாவது ஆள் என் அக்கா.

நான் துப்பாக்கிக்குக் கட்டை செய்கிறவன். குழல், விசை போன்ற இரும்புச் சமாசாரங்களை வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். மனித உடம்பு தொடுகிற பாகம் மட்டும் என்னுடையது. தோளில் அழுந்துகிற அடிப்பாகம், கன்னம் சாய்கிற மேடு, உள்ளங்கை பிடிக்கிற கைப்பிடி, இவ்வளவுதான் என் உலகம். வேட்டைக்காரர்கள் யாரும் என்னிடம் வருவதில்லை. எங்கள் சுடும் கழகத்தில் ஐம்பது மீட்டர் தள்ளித் தொங்குகிற காகிதத்தில் ஓட்டை போடுகிறவர்கள்தான் வருவார்கள். ஒரு பல் டாக்டர், இரண்டு பஸ் ஓட்டுநர்கள், ஒரு பேக்கரிக்காரர், இப்படி.

அக்கா நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், “எனக்கு ஒரே இடத்துல ஆடாம அசையாம நிக்கப் பிடிக்கும். கல்யாணம் பண்ணா எவன் நிக்க விடுவான்?” என்பாள். கழகத்தின் வருடாந்திரப் போட்டியில் இருபத்தொன்பது வருடமாக விடாமல் நின்றிருக்கிறாள். நின்றபடியே அறுபது குண்டு சுட வேண்டிய போட்டி அது. நான்கு தடவை முதலிடம். மற்ற தடவைகளில் முதலிடம் வந்தவனின் தூக்கத்தைக் கெடுத்த இரண்டாமிடம்.

அன்று திங்கட்கிழமை காலை. பழைய படுக்கை விரிப்பில் சுற்றி எதையோ கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். பிரித்துப் பார்த்தால் அவளுடைய துப்பாக்கி, இரண்டு துண்டாக. கட்டை கைப்பிடிக்குப் பக்கத்தில், கழுத்து மாதிரி ஒடுங்குகிற இடத்தில், குறுக்காக முறிந்திருந்தது.

“எப்படி உடைஞ்சுது?”

“கை தவறிடுச்சு. படியில விழுந்துடுச்சு.”

“உனக்கா? கை தவறிச்சா?”

“ஏன், எனக்குக் கை தவறக் கூடாதா? சட்டமா போட்டிருக்கு?”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அதுவும் மரத்துக்கு ஒன்று என்றால் கேட்கவே வேண்டாம். பதினாலு வருடத்துக்கு முன்னால் நான் செதுக்கிய கட்டை அது. வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். வழக்கமாக நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு திருப்பிக் கொடுப்பாள். அன்றைக்கு நான் முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ, இன்று நம் பக்கம் நியாயம் பலமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“ஒட்ட முடியாதா?” என்றாள்.

“மரத்தோட ரேகைக்குக் குறுக்கா முறிஞ்சிருக்கு. ஒட்டினாலும் பத்தாவது குண்டுல விட்டுடும். புதுசுதான் போடணும்.”

“சரி. அப்போ பிளாஸ்டிக்ல போட்டுடு.”

நான் கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டேன். உளியை வைத்துக்கொண்டு கோபப்படக் கூடாது என்பது என் மனைவி போட்ட சட்டம்.

“எடை குறைவா இருக்கணும். சீக்கிரம் ஆகணும். அவ்வளவுதான்டா எனக்கு” என்றாள் அக்கா.

இரண்டே நிபந்தனைகள். அவற்றைத் தெளிவாக, தமிழில்தான் சொன்னாள். நான் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அலமாரியிலிருந்து மாதிரித் துண்டுகளை எடுத்து அவள் முன்னால் வரிசையாக வைத்து, பாடம் நடத்தத் தொடங்கினேன். இது பீச் மரம், நல்ல பிள்ளைதான், ஆனால் மழைக்காலத்தில் தண்ணீரைக் குடித்துக் கோணிக்கொள்ளும். இது மெல்லிய பலகைகளை அடுக்கி ஒட்டியது, கோணாது, ஆனால் கல் கனம். இது நீ கேட்ட குப்பை, கண்ணாடி நாரையும் பசையையும் குழைத்துப் பூசிய கூடு, உள்ளே வெறும் நுரை. தட்டிப் பார், காலி டப்பா மாதிரி சத்தம் வரும். இது வால்நட் மரம்.

“நின்னு சுடறவங்க எல்லாரும் கனம் வேணும்னு கேப்பாங்க. கனம் இருந்தாதான் முனை ஆடாது. அந்தப் பல் டாக்டர் கட்டைக்குள்ள ஈயத்தை ஊத்தித் தரச் சொல்றான். நீ என்னடான்னா எடையைக் குறைக்கச் சொல்ற. முப்பது வருஷம் சுட்டு என்னத்தக் கத்துக்கிட்ட?”

“வயசாகுதில்ல. எடை குறைஞ்சா சௌகரியம்.”

“அம்பத்தேழெல்லாம் ஒரு வயசா?”

அவள் கண்ணாடி நார்த் துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். “இதுன்னா எத்தனை நாள் ஆகும்?”

“ஒரு வாரம். குப்பையைக் கொட்ட அதுக்கு மேல எதுக்கு?”

“மரம்னா?”

“ஆறு வாரம். எண்ணெய் பூசணும், காயணும், மறுபடி பூசணும்.”

“போட்டிக்கு ஏழு வாரம்தான்டா இருக்கு.”

“அதான் ஒரு வாரம் மிச்சம் இருக்கே!”

சொல்லிவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு வால்நட் துண்டை இறக்கினேன். ஒன்பது வருடமாகக் காய வைத்திருந்தேன். ஓரத்தில் பென்சிலால் ‘அக்கா’ என்று எழுதியிருந்தேன். பல் டாக்டர் இரண்டு தடவை கேட்டும் கொடுக்காத துண்டு. ஈரத் துணியால் துடைத்ததும் ரேகைகள் இருட்டும் வெளிச்சமுமாக எழுந்து வந்தன. அக்கா அதை இடது கையால் தடவினாள்.

“அழகா இருக்குடா.”

“உனக்குத்தான். ஒம்பது வருஷமா வெச்சிருக்கேன்.”

அவள் ரொம்ப நேரம் அந்த எழுத்தையே பார்த்தாள். பிறகு, “சரி, உன் இஷ்டம்” என்றாள். நான் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். யார் வந்தாலும், போன மாதம்தான் வந்துபோனவராக இருந்தாலும், புதுசாக அளவு எடுக்காமல் நான் உளியைத் தொடமாட்டேன். விசையிலிருந்து தோள் வரைக்கும், கன்ன எலும்பின் உயரம், உள்ளங்கைச் சுற்றளவு, கட்டை விரல் மேட்டின் தடிமன் என்று மொத்தம் இருபத்திரண்டு அளவுகள். உடம்பு சொல்லாமல் மாறும். பேக்கரிக்காரர் வருஷா வருஷம் ஒரு சுற்றுப் பெருப்பார், கேட்டால் சட்டை சுருங்கிவிட்டது என்பார். அளவு எடுக்கும்போது மனிதர்கள் பொய் சொல்ல முடியாது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

அக்கா வழக்கம்போல அளவு கொடுக்க எழுந்து நின்றாள். நான் உட்காரச் சொன்னேன்.

“அளவு எடுக்கலையா?”

“உன் அளவு எனக்குத் தலைகீழாத் தெரியும். விசையிலேருந்து தோளுக்குப் பதிமூணே கால் அங்குலம். கன்னத்துக்கு ஒண்ணே அரைக்கால். சொல்லட்டுமா மீதியையும்?”

“வேணாம், வேணாம். நம்பறேன்” என்று சிரித்தாள். இப்போது நினைத்துப் பார்க்கும்போது அந்தச் சிரிப்பில் ஒரு நிம்மதி இருந்தது தெரிகிறது. அன்றைக்கு அது என் ஞாபக சக்திக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறு வாரமும் நான் அந்தக் கட்டையோடுதான் குடித்தனம் நடத்தினேன். இரும்பில் விளக்குக் கரியைப் பூசி மரத்தில் அழுத்தி எடுத்தால், எங்கே கரி ஒட்டுகிறதோ அங்கே மட்டும் ஒரு சீவல். மறுபடி பூசு, அழுத்து, சீவு. பள்ளத்தில் இரும்பு காற்றுப் புகாமல் உட்கார நாலு நாள் ஆனது. கைப்பிடியை நான் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவிச் செதுக்கினேன். அக்காவின் கை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன், அந்தக் கையால் குட்டும் வாங்கியவன்.

இடையில் இரண்டு தடவை போன் பண்ணினாள். இரண்டு தடவையும் ஒரே கேள்வி.

“ஆச்சாடா?”

“நல்ல வேலைக்கு அவசரம் ஆகாதுக்கா. எண்ணெய் குடிச்சுட்டு இருக்கு.”

“நீ குடுத்தா அது குடிச்சுக்கிட்டேதான் இருக்கும்” என்று வைத்துவிட்டாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது என் மனைவி சொன்னாள், “அண்ணி போன வாரம் வந்தப்ப டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சாங்க. கவனிச்சீங்களா?”

“சூடா இருந்திருக்கும்.”

“நான் குடுத்தது தண்ணிங்க.”

“அப்போ தாகமா இருந்திருக்கும்” என்றேன். என் நினைப்பெல்லாம் நாலாவது பூச்சு எண்ணெயில் இருந்தது. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

ஆறாவது வார முடிவில் அக்காவை வரச்சொன்னேன். கட்டையில் இரும்பைப் பூட்டி, மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வைத்திருந்தேன். சொந்த வேலையை நானே புகழக் கூடாது, ஆனால் அதைப் போல ஒன்றை நான் அதற்கு முன் செய்ததில்லை. அக்கா பார்த்ததும் “அடேயப்பா” என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். பிறகு இரண்டு கைகளையும் அதன் அடியில் கொடுத்து, மூச்சை இழுத்துக்கொண்டு தூக்கினாள்.

தோளுக்குப் போகிற வழியிலேயே முனை ஆடியது. கன்னத்தைச் சாய்த்தாள். கன்னம் மேட்டில் படியவில்லை, தலை அதைத் தாண்டி முன்னால் சரிந்தது. கைப்பிடியைப் பிடித்தாள். அவள் கைக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. கட்டை விரலுக்கு அடியில், சதை வந்து நிறைய வேண்டிய இடத்தில், ஒரு பென்சில் நுழைகிற அளவுக்கு இடைவெளி.

முதலில் எனக்கு வந்தது அவமானம்தான். “தப்பா செதுக்கிட்டேன் போல. ஒரு நிமிஷம் குடு” என்று வாங்கி, அளவுக் கருவியை எடுத்து வைத்துப் பார்த்தேன். பதிமூன்றே கால். ஒன்றே அரைக்கால். கைப்பிடி, நூலிழை பிசகவில்லை. இருபத்திரண்டையும் பார்த்தேன். எல்லாம் சரி. மரத்தில் தப்பே இல்லை.

அதற்குப் பிறகுதான் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற மேடு போய், அங்கே பள்ளம் விழுந்திருந்தது. விரல்கள் பாதி மடங்கியே இருந்தன. மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று தொட்டுக்கொண்டே மேலே போனேன். போன இடமெல்லாம் எலும்பு.

“எத்தனை நாளா?”

“எட்டு மாசம்.” கையை விடுவித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “சதையை ஆட்டி வைக்கிற நரம்பு ஒண்ணொண்ணா செத்துட்டு வருதாம். முதல்ல வலது கை, அப்புறம் இடது, அப்புறம் கழுத்து. நிறுத்த மருந்து இல்ல. டாக்டர் எது எந்த மாசம் போகும்னு சொன்னாரோ அது அந்த மாசம் போயிட்டு இருக்கு. ரொம்ப நேர்மையான மனுஷன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.

“ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன பண்ணுவ? கத்துவ. அப்புறம் அழுவ. அப்புறம் கழகத்துல எல்லாருக்கும் தெரிஞ்சு, என்னைப் பாக்கறப்பெல்லாம் ஐயோம்பாங்க.” மடங்கிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டாள். “எனக்கு ஒரே ஒரு போட்டி வேணும்டா. அறுபது குண்டையும் நின்னு சுட்டுட்டு, துப்பாக்கியைக் கீழ வெச்சுட்டு, போதும்ப்பா, அடுத்த வருஷம் வரலன்னு நானா சொல்லிட்டு வரணும். நான் நிறுத்தினதா இருக்கணும். என்னைய அது நிறுத்தினதா இருக்கக் கூடாது.”

எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. இருந்தாலும் கேட்டேன். “அன்னைக்கே பிளாஸ்டிக் போட்டுக் குடுத்திருந்தா?”

அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். அந்த நேரத்தில் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“முடிஞ்சிருக்கும்னுதான் தோணுது. வீட்டுல மூணு கிலோ பையைத் தூக்கி நிறுத்திப் பாத்துட்டு இருந்தேன். அப்போல்லாம் அறுபது தடவை முடிஞ்சுது. இப்போ முடியல.”

“அடிச்சுச் சொல்லியிருக்கலாமே! மண்டையில குட்டிச் சொல்லியிருக்கலாமே!” என்று கத்தினேன். ஆமாம், அப்போதும் அவளிடம்தான் கத்தினேன். வேறு யாரிடம் கத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

“ஒம்பது வருஷமா எடுத்து வெச்சிருக்கேன்னு சொன்னியே. என் பேர எழுதி வெச்சிருந்தியே. அதுக்கு மேல எப்படிடா வேணாம்னு சொல்றது?”

நான் அழுதேன். அவள் சொன்ன வரிசைப்படியே, கத்தி முடித்த பிறகு. ஐம்பத்திரண்டு வயதில் அக்காவின் மடியில் முகம் வைத்து அழுதால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அவள் என் தலையில் கை வைத்தாள். அந்தக் கையில் கனமே இல்லை.

போட்டிக்கு எட்டு நாள் இருந்தது. வால்நட் கட்டையைக் கழற்றித் துணியில் சுற்றி எங்கேயோ வைத்தேன். அக்காவை நிற்க வைத்து இருபத்திரண்டு அளவையும் எடுத்தேன். எனக்குத் தலைகீழாகத் தெரிந்த எண்களைத் தாளில் ஒரு பக்கம் எழுதி, பக்கத்தில் புதிய எண்களை எழுதினேன். ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை.

நுரைப் பாளத்தைச் செதுக்கி, கண்ணாடி நார்த் துணியைச் சுற்றி, பசை ஊற்றித் தடவினேன். வாழ்க்கையில் நான் கேலி செய்த அத்தனை வேலையையும் கையுறை போட்டுக்கொண்டு கற்றுக்கொண்டே செய்தேன். நாற்றம் தாங்காமல் மனைவி ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்தாள். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. இரண்டு தடவை தப்பாக வந்து தூக்கிப் போட்டேன். மெல்லிய குழல் ஒன்றைக் கழகத்தில் கெஞ்சி வாங்கி மாற்றினேன். வர்ணம் பூச நேரமில்லை. வெந்நீரில் கிடந்த எலும்பு போல ஒரு வெளிறிய நிறத்தில் வந்தது. வால்நட் கட்டை மட்டும் இரண்டு கிலோ. இது அறுநூறு கிராம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வந்து தூக்கிப் பார்த்தாள். கன்னம் படிந்தது. கைப்பிடிக்கும் கைக்கும் நடுவே நான் எல்லாப் பக்கமும் குனிந்து பார்த்தேன், வெளிச்சம் இல்லை.

“இப்பதான்டா துப்பாக்கி மாதிரி இருக்கு” என்றாள். இன்னும் இரண்டு மூன்று தடவை, சின்னப் பிள்ளை மாதிரி, தூக்கித் தூக்கிப் பார்த்தாள். நான்தான் போதும், கையை மிச்சம் பிடி என்று வாங்கி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போட்டி. பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். அக்கா ஏழாவது இடத்தில். ஒன்றேகால் மணி நேரத்துக்குள் அறுபது குண்டும் முடிய வேண்டும். களத்தை நடத்துகிறவரை நாங்கள் விசில்காரர் என்போம். மனிதருக்கு நல்ல குரல் இருந்தும் எதையும் வாயால் சொல்லமாட்டார். அவர் ஊதினார், தொடங்கியது. அக்காவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, தொலைநோக்கியில் அவள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் பத்துக் குண்டும் அவளுடைய பழைய நாட்களைப் போலவே விழுந்தன. மதிப்பெண் ஒன்பது, பத்து, பத்து, ஒன்பது. பேக்கரிக்காரர் தன் இடத்திலிருந்து எட்டிப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பதினைந்துக்கு மேல் ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். இருபதுக்கு மேல் அந்த இடைவெளி நீண்டது. என் தொலைநோக்கியில் காகிதம் மங்கியது. கண்ணாடியைத் துடைத்தேன், அப்புறம்தான் கண்ணைத் துடைக்க வேண்டும் என்று புரிந்தது.

இருபத்து மூன்றாவது குண்டு கறுப்பு வட்டத்தின் ஓரத்தைத் தொட்டது. இருபத்து நான்காவதற்குத் தூக்கினாள், சுடாமல் இறக்கினாள். மறுபடி தூக்கினாள், மார்பு வரைக்கும்தான் வந்தது. மூன்றாவது தடவை தாங்கியை விட்டே எழும்பவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக முடித்துக்கொண்டிருந்தார்கள். முடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடிகாரத்தில் இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

விசில்காரர் பக்கத்தில் வந்தார். “என்னம்மா, துப்பாக்கி தகராறு பண்ணுதா?”

அக்கா தூரத்துக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என் பக்கம் திரும்பினார். அவர் ஏன் என்னைப் பார்த்தார் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். துப்பாக்கியில் கோளாறு என்று அதைச் செய்தவனே ஒப்புக்கொண்டால், மீதிக் குண்டுகளை அடுத்த ஞாயிறு சுட அனுமதி உண்டு. ஆனால் எந்தக் கோளாறு, யார் செய்தது என்று வாசல் பலகையில் எழுதி ஒட்டிவிடுவார்கள். இருபத்தாறு வருடத்தில் என் பெயர் அந்தப் பலகையில் ஏறியதில்லை. மற்றவர்கள் பெயரை அதில் படிப்பதற்காகவே டீயோடு போய் அதன் முன்னால் நிற்கிறவன் நான்.

எழுந்து நின்றேன். “ஆமா சார். கட்டைதான். கைப்பிடி சரியா அமையல. மரத்துலதான் போடுவேன்னு ஒத்தக்கால்ல நின்னு நாளை வீணாக்கிட்டு, கடைசியில அவசரமா இதைப் பண்ணேன். முழுக்க என் தப்பு. எழுதிக்குங்க.”

விசில்காரருக்கு நம்ப முடியவில்லை. “நீங்களா?” என்றார். பல் டாக்டர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். விசில்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையில் இருந்த தாளில் என் பெயரை எழுதத் தொடங்கினார்.

“எழுதாதீங்க” என்றாள் அக்கா.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தாங்கியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். கழுத்துதான் நிமிரவில்லை.

“கட்டையில ஒரு குறையும் இல்ல. இவன் செஞ்சதுலயே என் கைக்குப் பொருந்தினது இதுதான். கோளாறு எனக்கு. எட்டு மாசமா கை போயிட்டு இருக்கு, வியாதி. அடுத்த ஞாயிறு இந்தத் தெம்பும் இருக்காது. இருபத்து மூணுன்னு போட்டு முடிச்சுக்குங்க.”

விசில்காரர் பேனாவை மூடினார். பிறகு பேக்கரிக்காரர், நல்ல மனிதர், தாங்க முடியாமல் “ஐயோ” என்றார். அக்காவின் முகம் ஒரு கணம் சுருங்கியதை நான் பார்த்தேன். எட்டு மாதமாக எந்த வார்த்தைக்குப் பயந்து யாரிடமும் சொல்லாமல் இருந்தாளோ, அது எல்லார் முன்னிலையிலும் வந்து விழுந்துவிட்டது. என் பெயர் ஒரு தாளில் ஏறாமல் இருப்பதற்காக அவளே அதை இழுத்து வந்தாள்.

இடத்தை விட்டு நகர்வதற்கு முன்னால் துப்பாக்கியின் போல்ட் என்கிற தாழைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்ட வேண்டும். அது எல்லாருக்கும் பொது விதி. அக்கா திறக்கப் பார்த்தாள். விரல்கள் அதன் குமிழின்மேல் வழுக்கிக்கொண்டே இருந்தன. விசில்காரர் உதவிக்குக் கை நீட்டினார். அவள் தலையை அசைத்து மறுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“டேய், வந்து இதைத் திற.”

போய்ப் பக்கத்தில் நின்று திறந்தேன். விசில்காரர் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். விசில் ஊதவில்லை. மற்றவர்கள் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவரவர் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்தபடி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

“நான் பொய் சொல்லலக்கா. தப்பு என்னோடதுதான்.”

“தெரியும்டா” என்றாள். “அதனாலதான் எழுத விடல.”